தெற்கே இருந்த அறை

தங்கமே,

கணினி இதைப் படித்துக் காட்டும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள். அப்பா பக்கத்தில் இருப்பார்.

உனக்குப் பார்வை போனதிலிருந்து இணையத்தில் அந்த விளையாட்டே கதியென்று கிடக்கிறாயே என்று நான் புலம்பியதும், எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தாய். "படமே கிடையாதும்மா, எல்லாம் எழுத்துதான், கம்ப்யூட்டரே படிச்சுக் காட்டும். 'பார்'னு தட்டினா எங்க நிக்கிறேன்னு சொல்லும். 'வடக்கு'ன்னு தட்டினா நடக்கும். அதுல நான் கட்டின வீட்டுக்குள்ள மட்டும் தெற்கே போகாத, இன்னும் முடிக்கல."

இன்று நீ பயிற்சி வகுப்புக்குப் போனதும் தெற்கேதான் போனேன். 'பார்' என்று தட்டினேன்.

"சமையலறை. குழாய் திறந்திருக்கிறது. பாத்திரச் சத்தம் மட்டும் இல்லை. அம்மா அழுகிறாள். கேட்காததுபோல் கடந்து போகவும்."

தண்ணீர்ச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வந்து போகிற இடத்தில் இதையா எழுதி வைப்பாய்? உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை.

அந்தக் கடைசி வரியை மட்டும் அழித்துவிடு. நானும் இனிமேல் குழாயைத் திறந்துவிட மாட்டேன். அழுகை கேட்டால், உள்ளே வா.

உன் அம்மா