ராட்டினம் வாங்கிய அன்று போன வார்த்தை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதுவது. இங்கே அப்பா, நான், வாலு மூவரும் நலம், என் வலது மணிக்கட்டு மட்டும் நலமில்லை, அதுபோக மீதி உடம்பு முழுவதும் உன்னை விசாரிக்கிறது. பதறாதே, ஒடிந்ததைச் சேர்த்து வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், இன்னும் மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள். போனில் சொல்லாததற்குக் காரணம், நீ தீவு வேலைக்குப் போகிற யோசனையில் இருந்தாய், அதற்குள் என் கையை நுழைக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீ கப்பல் ஏறுவதற்கு முன் இது உன் கைக்குக் கிடைத்தாக வேண்டும், அதற்காகத்தான் கட்டுப் பிரிக்கும் வரை காத்திருக்காமல் இவள் கையைக் கடன் வாங்கியிருக்கிறேன். (வாலு: அக்கா, அம்மா சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும் என்று உத்தரவு. என் சொந்தச் சரக்கு மட்டும் இப்படி அடைப்புக்குறிக்குள் அடைந்து கிடக்கும். வெளியே நடமாடுவதற்கு நான் பொறுப்பல்ல.)

கை எப்படி ஒடிந்தது என்று கேட்பாய். முதலில் அதன் கை ஒடிந்தது, பிறகு என் கை ஒடிந்தது. வீட்டுக்குப் பின்னால் குடை மாதிரி விரிந்து சுற்றுமே, துணி காயப்போடுகிற ஸ்டாண்ட், நீ நாலு வயதில் ராட்டினம் என்று பெயர் வைத்தாயே, அந்த வரிசையில் இது மூன்றாவது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வெயில் காலம் தாண்டுவதற்குள் கைகள் நடுத்தண்டில் சேருகிற பிளாஸ்டிக் மூட்டு பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது, எனக்குத் தெரியவில்லை. ஈரப் போர்வையைப் போட்டுச் சுருக்கம் போக நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன், பட்டென்று மூட்டு விட்டது, கம்பி தலையில் விழாமல் இருக்க நகர்ந்தேன், தரையில் சோப்புத் தண்ணீர், கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். (வாலு: ராட்டினம் கம்பி நீட்டிவிட்டது. காயப்போடப் போனவள் காயப்பட்டு வந்தாள். இதை நான் ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன், அங்கே யாரும் சிரிக்கவில்லை.)

நம் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதைப் பார்த்தாலும் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்றுதான் பார்ப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒடிந்த மூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இங்க பாரு, உள்ளுக்குள்ளயே விரிசல். இதெல்லாம் வெயில்ல வைக்கற சாமானா? உன் எலும்பு தானா ஒட்டிக்கும், இது ஒட்டுமா?” என்றார். என் எலும்புக்கு அவ்வளவுதான் ஆறுதல். அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனோம். அப்பா அந்தக் கடையை அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டார். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அகலமாக விரிந்தால் வளையும், எனவே துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்புதான் வேண்டும் என்றார். அதிலும் குழாயின் வாயில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், வெளியே மட்டும் பூசியிருந்தால் சொட்டுகிற தண்ணீர் உள்ளே இறங்கிக் குழாயை அரித்துவிடுமாம். மூட்டு உலோகமாக இருக்க வேண்டும், ஆணி அடித்து மூடியதாக இல்லாமல் போல்ட் போட்டதாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கயிற்றுக்கு நடுவே கம்பி ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் தொய்ந்துவிடும். எனக்கென்று அவர் கேட்ட ஒன்று, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் மொத்தக் குடையும் என் மார்பு உயரத்துக்கு இறங்கும், துணியைப் போட்டபிறகு மறுபடி சுற்றினால் மேலே ஏறும், இனி என் கை தலைக்கு மேலே போகவே வேண்டியதில்லை. கடைக்காரரிடம் இதைக் கேட்கும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைவிட இதமாக அவர் எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

பிடித்த ஒன்று கடைசியில் கிடைத்தது. அப்பா சொன்னால் கேட்பாரா, அதன் ஒரு கையைப் பிடித்துத் தொங்கிவிட்டார். கடைக்காரர் ஓடி வந்து, “சார், சார், அது துணி காயறதுக்கு, நீங்க காயறதுக்கு இல்ல” என்கிறார். இவர் தொங்கிக்கொண்டே, “ரெண்டு ஈரப் போர்வை, நாலு துண்டு, என் யூனிஃபார்ம், மொத்தம் என்ன வெயிட்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று பாடம் எடுக்கிறார். பாடம் நடக்கும்போதே அது மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது, அப்பாவும் அதோடு சுற்றினார், கால் தரையைத் தொட்டும் தொடாமலும், முகத்தில் அவ்வளவு கனிந்த ஒரு சந்தோஷம். (வாலு: வீடியோ இருக்கிறது. எனக்குப் புது செருப்பு வாங்கிக் கொடுக்கும் வரை அது பத்திரமாக இருக்கும்.)

உன் கேள்வி வந்தது அந்த நிமிஷத்தில்தான். நீ அனுப்பியது எனக்கு மனப்பாடம். தீவு வானிலை நிலையத்தில் ரெண்டு வருஷம், ரெண்டு மாதத்துக்கு ஒரு கப்பல், போன் கிடையாது, கடிதம் மட்டும்தான், “போகட்டுமா வேண்டாமா, நாலு மணிக்குள்ள பேர் குடுக்கணும், ஒரே வார்த்தையில சொல்லும்மா.” எனக்குக் கட்டுப் போட்ட கை, போன் இவள் கையில். நான் இவளிடம் சொன்னது இதுதான்: துணி ஸ்டாண்ட் வாங்கக் கடைக்கு வந்திருக்கோம், வீட்டுக்குப் போய்க் கூப்பிடறேன், அதுவரைக்கும் பேர் குடுத்துடாதேன்னு எழுது. இவள் முதல் வார்த்தையை எழுதியபோது அப்பா சுற்ற ஆரம்பித்தார், கடையே கூடிவிட்டது, அந்த ஒரு வார்த்தை மட்டும் தனியாக உன்னிடம் வந்து சேர்ந்தது. துணி. நான் அதைப் பார்க்கக்கூட இல்லை.

நாங்கள் வீடு சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது, நான் கூப்பிடுவதற்குள் நீயே கூப்பிட்டாய். உன் குரல் ஓடி வந்தவள் குரல் மாதிரி இருந்தது. “வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேம்மா, துணின்னு ஒரே வார்த்தைதான் அனுப்பினே பாரு, உடனே கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றாய். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய், சந்தோஷ அழுகை, அதற்கு நடுவில் போய் அது போர்வை, துண்டு, தலையணை உறை என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவையும் “உன் ஒரு வார்த்தைதாம்மா” என்று நீ ஆரம்பித்தாய், வாயை மூடிக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டால், “விட்டுடு, லிஃப்ட் கிளம்பிடுச்சு, நடுவுல நிறுத்தினா உள்ள இருக்கறவங்களுக்குத்தான் பயம்” என்கிறார்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ராட்டினத்தின் அடிக்குழாயை அப்பா கான்கிரீட்டில் பதித்து, அடியில் தண்ணீர் போக ஓட்டை விட்டு, ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது என்று நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டார். எட்டாம் நாள் வாலு துணி போட்டாள். வேலை செய்ய விடாததால் அதே நாற்காலியில் நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் துணி காயப்போட்டிருக்கிறேன், துணி காய்வதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை பெரியவளே. காற்று வந்ததும் முதலில் ஒரு தலையணை உறைக்குத்தான் தெரிகிறது, அது பக்கத்துத் துண்டிடம் சொல்கிறது, பிறகு எல்லாம் சேர்ந்து யோசித்து மெல்ல நகர்கின்றன. காற்றுக்கென்று சொந்தமாக ஒரு சட்டை இல்லை போல, நம் வீட்டுச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறது, அப்பாவின் யூனிஃபார்மில் நுழைந்து தோளை அகட்டிக்கொண்டு நடக்கிறது. போர்வை வந்தால் வெள்ளை, அது போனால் வெயில், மறுபடி வெள்ளை, மறுபடி வெயில். கொஞ்ச நேரத்தில் பின்சுவர் எங்கே போனதென்று தெரியவில்லை. ராட்டினம் சுற்றுகிறதா, நானும் நாற்காலியும் சுற்றுகிறோமா என்றும் தெரியவில்லை. சோப்பு வாசனை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

தூங்கினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவர் இருந்த இடத்தில் கடல் இருந்தது, பாறைமேல் நீ நின்றிருந்தாய், பக்கத்தில் நீ படம் அனுப்பினாயே, காற்றின் வேகத்தை அளக்கிற கருவி, சின்னச் சின்னக் கிண்ணங்கள் கைகளின் நுனியில் சுற்றுமே, அது. யாருமில்லாத இடத்தில் நம் ராட்டினத்தின் குழந்தை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் போய் நான் என் ஈரப் போர்வையைப் போட்டேன், அது கனத்துப் போய் மெதுவாகச் சுற்றியது. நீ கோபப்படவில்லை. கையில் நோட்டோடு திரும்பி, “எடுத்துடும்மா, காத்தைத் தப்பாக் காட்டுது” என்றாய். கண்ணைத் திறந்தபோது முழங்கால்மேல் ஒரு சாக்ஸ் விழுந்து கிடந்தது. அன்றைக்கே இவளைக் கூப்பிட்டுப் பேனாவை எடுக்கச் சொன்னேன்.

ஆகவே சொல்கிறேன். அந்த வார்த்தையை நான் உனக்குச் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கூப்பிட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கடை வாசலிலிருந்து பஸ்ஸில் ஏறும்வரை காரணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்: உனக்குக் குளிர் ஆகாது, பல்வலி வந்தால் யார் பார்ப்பார்கள், எனக்கு ஒன்று ஆனால் உனக்கு ரெண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். கடைசிக் காரணத்தைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வதாக இருந்தேன், அதுதான் உண்மையான காரணம். கப்பல் கிளம்பும் நாள் வரை பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று உன் மேலதிகாரி சொன்னதாகச் சொன்னாயே, அதனால்தான் இந்த அவசரம். நான் சொல்லாத வார்த்தையை நம்பி நீ ரெண்டு வருஷம் கடலில் உட்காரக்கூடாது.

(வாலு: இங்கே நான் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். அப்பா சுற்றியதில் கை தவறி அனுப்பிவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கை தவறவில்லை அக்கா. மேலே உன் கேள்வி, கீழே துணி, நடுவில் நான். படித்தேன், சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. போன மாதம் நீ என்னிடம் மட்டும், “அம்மா வேண்டாம்னுட்டா நான் மறுபடி கேக்க மாட்டேன்டி, ஆசைப்பட்டேன்னு காட்டிக்கவும் மாட்டேன்” என்றாய். அம்மா வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த ஒரு வார்த்தையோடு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். பொய்யாக ஓர் எழுத்தும் எழுதவில்லை, மீதியை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். முன்பு நான் தலையணைக்குள் மாவு போட்டது, அப்பாவின் செருப்பைத் தரையோடு ஒட்டி வைத்தது எல்லாம் மாட்டிக்கொண்டால் சிரித்துச் சமாளிக்கலாம். இதற்குச் சிரிக்க வரவில்லை. இப்போது அம்மாவிடம் படித்துக் காட்டப்போகிறேன்.)

படித்துக் காட்டினாள். ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று கையைத் தூக்கினேன், தூக்கிய பிறகுதான் அது கட்டுப் போட்ட கை என்று ஞாபகம் வந்தது, உயிர் போகிற வலி. வலியில்தான் அழுகிறேன் என்று இவளிடம் சொன்னேன், நம்பினாளோ என்னவோ. எழுதியதை அடித்துவிடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என்னிடம் மறுபடி கேட்கக்கூட முடியாத அளவுக்கு நீ பயந்தாய் என்பது இவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கை ஒடிந்ததைவிட இதுதான் பெரியவளே வலிக்கிறது.

இப்போது கணக்குப் பார்த்தால் உனக்கு இதுவரை யாருமே பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் சொல்ல நினைத்தது வரவில்லை, வந்தது என்னுடையது இல்லை. ரெண்டு போர்வையையும் நாலு துண்டையும் பார்த்து நீயாகவே துணிந்திருக்கிறாய். அது உன் துணிவுதான் என்றால் கிளம்பு, நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இல்லை, அம்மா சொன்னாள் என்றுதான் போகிறாய் என்றால் இறங்கிவிடு, உன் அறையில் கட்டில் அப்படியே இருக்கிறது, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டோம். எதுவானாலும் இன்னொருவர் சொல்லைப் பையில் வைத்துக்கொண்டு போகாதே.

ஈரத் தலையோடு வெளியே நிற்காதே. பல்லைக் கப்பல் ஏறும் முன் காட்டிவிடு. கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடிக்குக் குறையாமல் வை. நீ எந்தக் கரையில் இருந்தாலும் காற்று உனக்குச் சாதகமாக வீசட்டும், நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதமும் கிடைக்கட்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. அப்பாவின் ஆசியும் இதிலேயே சேர்த்தி, அவர் போல்ட் முடுக்கப் போயிருக்கிறார். மறு தபாலிலேயே பதில் போடு. இந்த முறை ஒரே வார்த்தை வேண்டாம், முழு வாக்கியமாக எழுது. எழுவாய் நீயாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்திடும் உன் அம்மா