மொய்ராவின் பாட்டில் ஒரு வினைச்சொல்

மே 6, செவ்வாய்
மொய்ராவின் பாட்டைத் தமிழாக்கி முடித்துவிட்டேன்! சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் நானும் அவளும் ஒரே மேசையில் பெட்டி அடைக்கிறவர்கள். சனிக்கிழமை அவளுடைய தேவாலயமும் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலும் சேர்ந்து அன்னையர் தின விழா வைக்கின்றன. அவள் தன் ஸ்கொட்லாந்துப் பழம்பாட்டைப் பாட, நான் தமிழில் வாசிப்பேன். மேடையில் என் எழுத்து, முதல் தடவை!

பாட்டில், கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. கடைசி அடி: ‘கரையில் நின்று தாய் வரவேற்கிறாள்.’

“ஆளே வரேல்லை, ஆரை வரவேற்கிறா?” என்றார் றெக்ஸ். என் புருசனுக்குக் கவிதை விளங்காது.

மே 7
என் தமிழாக்கத்தோடு விழாத் தாள் இருநூறு அடித்தாயிற்று என்று, பங்கில் அச்சு வேலைகளைப் பார்க்கிற மைக்கல் சொன்னான்.

மே 8, வியாழன்
மானம் போச்சு. கடைசி அடிக்கு நான் சொன்ன பொருளைக் கேட்டு மொய்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். ‘கிரீட்’ என்றால் ஆங்கிலத்தில் வரவேற்பது. அவளுடைய பழைய ஸ்கொட்ஸ் மொழியில் அழுவதாம்! எழுத்து ஒன்று, வேர் வேறு. பழைய கதைப்பாடல்களில் தாய்மாரும் காதலிகளும் ‘கிரீட்’ பண்ணிக்கொண்டே இருப்பார்களாம். ஏன் முதலே கேட்கவில்லை நான்? தலைக்கனம்தான். இதை றெக்ஸிடம் வேறு சொல்ல வேணும் — ஐயோ.

மே 9
புலம்புகிறாள்? கதறுகிறாள்? ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினேன். மொய்ரா தலையாட்டி மறுத்தாள். கைக்குழந்தை அழுதாலும் அதே சொல்தானாம். வீட்டுச் சொல், பெரிதாக்காதே என்றாள். சரி, அழுகிறாள். அவ்வளவுதான்.

“ஆருக்குத் தெரியப்போகுது, விடுங்கோ அக்கா” என்றான் மைக்கல். விடுவதா?

மே 10, சனி
மேடையேறியதும் என் பிழையைச் சொல்லி, எல்லாரையும் பேனை எடுத்துத் தாளில் திருத்தச் சொன்னேன். மண்டபமே சிரித்தது; றெக்ஸ் எல்லாரையும்விடப் பலமாக.

மொய்ரா பாடினாள். நான் வாசித்தேன். ‘கரையில் நின்று தாய் அழுகிறாள்.’

இறங்கியதும் மாக்கிரட் அன்ரி கையைப் பிடித்தார். மன்னார்க் கடலில் மகனைப் பறிகொடுத்தவர். அவனைப் பற்றி வாயே திறக்காதவர். “அழுகிறாள் எண்டே சொன்னது நல்லம், பிள்ளை. அந்தப் பாட்டு எனக்குப் பழக வேணும்.”

மே 18, ஞாயிறு
மொய்ராவை அன்ரி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டே தரத்தில் அன்ரி மெட்டைப் பிடித்துவிட்டார். பாடி முடித்துத் தேத்தண்ணி ஊற்றியபடி, “எங்கட டனிஸ்ரன் இருக்கிறானே, பாட்டெண்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்” என்று தொடங்கினார். மகனின் குறும்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மொய்ராவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டோம்.