ஓட்டைக் கூரை வெயில்

ஜூன் 3, செவ்வாய்
ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருக்கும் நாற்பத்தொரு பேருக்கும் இன்று ஒரே கேள்வி: பூமி ஏன் சூடாகிறது? ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் என்று முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்கள்! தலையில் அடித்துக்கொண்டு திருத்தினேன். சிவப்பு மை தீர்ந்துவிட்டது.

ஜூன் 4
பாதிப் பேருக்குமேல் அதே உதாரணம் வேறு — ஓட்டைக் கூரை வழியே வெயில் வீட்டுக்குள் இறங்குவதுபோல. காப்பிதான், சந்தேகமே இல்லை. கடைசி பெஞ்சுக்காரியைப் பிடித்துக் கேட்டேன். “எங்க ஸ்கூல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது மேடம்” என்றாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆளுக்கொரு பள்ளிக்கூடம். எப்படி ஒரே வாக்கியம்?

ஜூன் 5
தலைவலி. கல்லூரி முதல்வர் தேறாதவர்கள் பட்டியல் கேட்கிறார். பட்டியலில் பெயர் வந்தால் இந்தப் பருவம் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்க முடியாது, அரை வருடம் போச்சு. நன்றாக வேண்டும் இவர்களுக்கு.

ஜூன் 7, சனி
பீரோவில் எதையோ தேடப்போய் என் பழைய பாடக்குறிப்பு அகப்பட்டது. பதினாலு வருடத்துக்கு முந்தையது. “ஓட்டைக் கூரை வழியே…” என் கையெழுத்து! அந்த வருடம்தான் எங்கள் வீட்டுத் தகரம் ஓட்டையானது. கட்டிலை இடம் மாற்றி மாற்றிப் போட்டோம். அதையே வகுப்பில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். பிற்பாடு படித்துத் திருத்திக்கொண்டேன், சரி. அன்று எழுதிக்கொண்டு போய் ஆசிரியரானவர்களுக்கு யார் சொன்னது? அவர்களிடம் படித்ததுகள்தான் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன.

“எப்பவோ சொன்னதுக்கு இப்ப யாரு உன்னைக் கேக்கப்போறாங்க?” என்றார் வீட்டுக்காரர். யாரும் கேட்கமாட்டார்கள். அதுதானே சிக்கல்.

ஜூன் 8
பேசாமல் பட்டியலைக் கொடுத்துவிடலாமா? ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடந்தானே.

ஜூன் 9
நோட்டை வகுப்பில் விரித்துக் காட்டினேன். இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன்: தப்பு என்னுடையது. ஓசோன் ஓட்டை வேறு சங்கதி. நாம் எரிக்கும் கரியும் எண்ணெயும் விடுகிற வாயு, வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது.

கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, “நேத்துதான் மேடம் என் தங்கச்சிக்கு அந்த ஓட்டைக் கூரையைச் சொல்லிக்கொடுத்தேன்” என்றாள்.

முதல்வரிடமும் எழுதிக்கொடுத்தேன், பட்டியலுக்குப் பதில் மறுதேர்வு வேண்டுமென்று. “இத்தனை வருஷ சர்வீஸ்ல இது உங்களுக்குத் தேவையா?” என்றபடி கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 16
எல்லோரும் தேறிவிட்டார்கள். ஒரு வாரமாக நின்று நடத்தியதில் எனக்குத்தான் கால் கடுக்கிறது.

ஜூலை 2
கடைசி பெஞ்சுக்காரி பாடம் நடத்துவதைப் பார்க்கப் பள்ளிக்கூடம் போனேன். என்னைவிட நன்றாகவே விளக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்பாசிரியை, எப்போதோ என்னிடம் பயிற்சி பெற்றவள், என் காதருகே குனிந்தாள்.

“இந்தப் பொண்ணு தப்பா நடத்துது மேடம். ஓசோன் ஓட்டையாலன்னுதானே நீங்க சொல்லிக்கொடுத்தீங்க? நான் வருஷா வருஷம் அப்படியேதான் நடத்துறேன்.”

பெருமையாகத்தான் சொன்னாள். மணி அடித்ததும் அவளைக் காலியான வகுப்பு ஒன்றில் உட்காரவைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.