‘கரை சேர்ந்தது’ என்ற நெடுவரிசை

மச்சான்,

காலையில் கணினி ஒரே இடத்தில் நின்று அடம்பிடித்தது. மீனவர் சங்கத்தின் பழைய டேட்டாபேஸிலிருந்து படகு விபரங்களைப் புதியதற்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது. புதியதில் ‘கரை சேர்ந்தது’ என்ற நெடுவரிசை வெறுமையாக இருக்கக் கூடாதாம். அது நீ போன படகின் வரி. இருக்கவும் முடியாமல் எழும்பிப் போகவும் முடியாமல் கதிரையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நெடுவரிசைக்காக நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். பழைய டேட்டாபேஸில் அது ஆம், இல்லை, வெறுமை என்று மூன்று விதமாக இருக்கலாம். எங்கள் புரோகிராமிலோ ஆம், இல்லை இரண்டுதான். இடையில் நின்று வகை மாற்றும் கருவி, வெறுமையைச் சத்தமில்லாமல் ‘இல்லை’ ஆக்கிவிட்டது. காற்று மாறிய ஒரு பின்னேரம் ஒரு பெண்ணின் போனுக்கு, ‘படகு கரை சேரவில்லை’ என்று செய்தி போனது. அவள் தலைவிரி கோலமாகத் துறைக்கு ஓடிவந்தாள். புருஷனோ கட்டைபறிச்சான் கரையில் படகை ஏற்றிவிட்டுத் தமக்கை வீட்டில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கட ஆக்கள் காத்தடிச்சால் எந்தக் கரையிலயும் ஏறுவினம். தெரியாது எண்டால் தெரியாதுதான், மச்சான். இல்லை எண்டு மிஷின் சொல்லக் கூடாது” என்றாய். நீயே இருந்து, ‘தெரியாது’ என்பதற்கும் இடம் வைத்து ஒரு புதிய வகையை எழுதினாய்.

பிறகு ஒரு லீவு நாளில், சித்தப்பாவின் படகுக்கு ஆள் குறைவென்று கடலுக்குப் போனாய். பக்கத்துக் கிண்ணியாப் படகுகளும் சேர்ந்து தேடின. அடுத்த சோளகக் காற்றுக் காலமும் வந்து போய்விட்டது.

மத்தியானம் உன் மனைவிக்குப் போன் எடுத்தேன். உன் வரியை வெறுமையாகவே விட வழி பார்க்கிறேன் என்றேன். ஆறுதல்படுவாள் என்று நினைத்தேன்.

“வேண்டாம் அண்ணா, இல்லை எண்டே போடுங்கோ” என்றாள். “பிள்ளை ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். தெரியாது, தெரியாது எண்டு சொல்லி எனக்கு ஏலாமப் போச்சு.”

எனக்கு அவள்மீது கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அவள் போனை வைக்கும்வரை அடக்கிக்கொண்டேன்.

‘இல்லை’ என்று என் கையாலேயே தட்டினேன், மச்சான். கருவியைச் சொல்ல விடவில்லை. மிச்ச வரிகள் மளமளவென்று ஏறி முடிந்துவிட்டன. வீட்டுக்குப் போகலாம். போக மனமில்லை. துறைக்குள் எந்தப் படகின் எஞ்சின் சத்தம் கேட்டாலும் எழுந்து போய், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன்.