வளையல் பழைய அளவிலேயே

சிதம்பரம்
12.11.2007, திங்கட்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ராஜவேல் அவர்களுக்கு,

மாமனார் கோவிந்தசாமி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இசைவாணியை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். மாதம் நிறையும் முன்பே குழந்தையை எடுக்கிறார்கள். எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்கிறார் டாக்டரம்மா. நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். உள்ளே விட மாட்டார்கள். வெளியே போகக் கால் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் உங்கள் முகாம் நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் இந்தியில் பேசினார். எனக்குத் தெரிந்த இந்தி, சேட்டு கடையில் ஷாமியானாத் துணி வாங்கிப் பழகியதுதான். அவசரத்தில் அவரிடம் "கித்னா?" என்று விலை கேட்டுவிட்டு முழித்தேன். நல்லவேளை, நம் பக்கத்து சுபேதார் ஒருவர் வாங்கிப் பேசினார். பனியில் பாதை மூடிவிட்டது, திறக்கும்வரை உங்களால் இறங்க முடியாது, சாமானும் தபாலும் மட்டும் ஹெலிகாப்டரில் மேலே போகும் என்றார். செய்தியை வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுகிறேன், விவரத்தைக் கடிதமாகப் போடுங்கள் ஐயா என்றார். அந்த விவரம்தான் இது.

வளைகாப்பன்று நீங்கள் இல்லை. ஊருக்கெல்லாம் வாடகைக்குப் போடுகிற ஷாமியானாவை அன்றைக்கு என் வீட்டு வாசலிலேயே போட்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தேன். வளையல்காரி பட்டம்மாள் வந்தாள். இசைவாணிக்கு எப்போதும் ரெண்டு நாலு அளவு. அது ஏறவில்லை. ரெண்டு ஆறு எடுத்து, சோப்புத் தண்ணீர் தடவித்தான் ஏற்றினாள். புள்ளத்தாச்சி கை பூரிச்சிக் கெடக்கு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நம் வீட்டுச் சாப்பாடு அப்படி என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் நான்தான்.

பிறகு கால் வீங்கியது. நீர் இறங்குவது எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே என்றாள் என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை சௌந்தரம். தீபாவளிக்கு முந்தின நாள் தலைவலி என்றாள் இசைவாணி, வெடிப்புகை என்றோம். கண் முன்னால் மத்தாப்பூ மாதிரி பொறி பறக்குதுப்பா என்றாள். தெருவெல்லாம் மத்தாப்பூதானே என்றேன். நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். அதிரசம் என்று முடிவுகட்டி ஓமத்தண்ணீர் கொடுத்தோம். செக்கப்புக்குப் போகவேண்டிய நாளும் பண்டிகையோடு தள்ளிப்போனது. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது, மாப்பிள்ளை. எல்லாக் காரணமும் நல்ல காரணமாகவே இருந்தது.

நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவளுக்குக் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. கடலூரில் பார்த்த டாக்டர் ஊசி போட்டு, ஆம்புலன்ஸ் பிடித்து, நிற்காமல் சிதம்பரம் போங்கள் என்றார்.

இங்கே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கோளாறு நஞ்சுக்கொடியில் தொடங்கியதாம். அதனால் உடம்பு முழுக்க ரத்தக்குழாய் இறுகிப் பிரஷர் ஏறிவிட்டது. அந்த அழுத்தத்தில் சிறுநீரகம் வடிகட்டவேண்டியதை விட்டுவிட்டு, காக்கவேண்டிய சத்தை ஒழுகவிட்டது. சத்துக் குறைந்த ரத்தத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. அது சதைக்குள் கசியும். பட்டம்மாள் பூரிப்பு என்று சொன்னது அதைத்தான். மேல்வயிற்றில் வலித்தது கல்லீரல். தலைவலியும் பொறியும் மூளை. கடைசியில் வலிப்பு. இத்தனைக்கும் நடுவில் குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

நான் பத்தாவதில் அறிவியலில் தேறாதவன். எங்கள் புத்தகத்தில் இதயம் ஒரு பாடம், சிறுநீரகம் ஒரு பாடம், மூளை வேறொரு பாடம். ஒன்றைப் படித்து இன்னொன்றை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஷாமியானா தெரியுமே எனக்கு! ஒரு மூலைக் கயிறு தளர்ந்தால் அந்த மூலை மட்டுமா தொங்கும்? எதிர்மூலைக் கம்பம் சாயும், நடுவில் துணி கிழியும். அந்தத் தொழிலில் சோறு தின்கிற மடையன், மகள் உடம்பில் நாலு கயிறு தொங்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கையிலும் வளையல்கள் சதைக்குள் புதைந்துவிட்டன. நர்ஸ் ஜான்சிக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. வளையல் எறங்கணும் சார், கை நீலம் பாயுது என்றார். உடைத்தால்தான் இறங்கும். பிரசவத்துக்கு முன்னால் வளைகாப்பு வளையலைத் தொடமாட்டார்கள். அதிலும் புருஷன் எல்லையில் நிற்கும்போது கண்ணாடி வளையலை உடைப்பதா என்று சௌந்தரம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நானும் அவளைத் தடுக்கவில்லை.

அந்த நேரம் மங்கலம்பேட்டையிலிருந்து உங்கள் அம்மா வந்து சேர்ந்தார். கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்ததை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறவர் இதை என்ன சொல்வாரோ என்று பயம். ஜான்சி சொன்னதைக் கேட்டார். ஒரு துண்டை வாங்கி மணிக்கட்டுக்கு அடியில் வைத்தார்.

"எம்புள்ள பனியில நிக்கறான். அவன் உசுரு இந்தக் கண்ணாடியிலயா இருக்குது? இதோ, இவகிட்டதான் இருக்குது. கையக் குடும்மா."

ஒவ்வொன்றாக உடைத்தார். ஒரு கீறல் படவில்லை. சில்லையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போய், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம்

உங்களுக்குப் பெண் குழந்தை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். குழந்தையின் நுரையீரல் தயாராவதற்கு முன்கூட்டியே தாய்க்கு ஊசி போட்டார்களாம்; முழுதாகத் தயாராக நேரம் போதவில்லை. மூக்கு உங்களுடையது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, என் மூக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இசைவாணி கண் திறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை காலியாகத் தொங்குகிறது. இப்போது எல்லாம் அதில்தான் இருக்கிறதாம். சிறுநீரகம் திறந்தால் நீர் வடியும், பிரஷர் இறங்கும், மூளைக்கு ஆறுதல். திறக்காவிட்டால் அந்த நீர் நுரையீரலுக்குள் போகும். வலிப்புக்குப் போடுகிற மருந்தும் மூத்திரத்தோடுதான் வெளியேற வேண்டும்; தங்கினால் மூச்சையே நிறுத்திவிடும். அதனால் ஜான்சி ஒவ்வொரு முறை மருந்து போடும் முன்னும் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்க்கிறார். கால் உதைத்தால் பயமில்லை. சின்ன வயதில் தூக்கத்தில் உதைக்கிறாள் என்று இவளைத் தள்ளிப் படுக்கச் சொன்னவன், இன்று கதவிடுக்கில் நின்று, உதைம்மா உதைம்மா என்று முனகிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய் காலை

பையில் மஞ்சளாகக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாப்பிள்ளை, நான் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னாண்ணே, அடுப்புல வெச்ச பாலு மாதிரி அதையே பாத்துக்கினு நிக்கறீங்க என்றார் உங்கள் அம்மா. என்னைவிட அவர்தான் அதிகம் பார்த்தார்.

பிறகு இசைவாணி கண் திறந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, குழந்தையைக் கேட்கவில்லை. கையைத் தூக்கி மணிக்கட்டைப் பார்த்தாள். வெறுங்கை.

"அவருக்கு என்னாச்சு?" என்றாள்.

அவனுக்கு ஒண்ணுமில்லடி, நாந்தான் ஒடச்சேன் என்று உங்கள் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் சொன்னேன், சௌந்தரமும் சொன்னாள். அழுகிறவர்கள் சொன்னால் எப்படி நம்புவாள்? இறங்கிக்கொண்டிருந்த பிரஷர் மறுபடி ஏறிவிட்டது. டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். உடம்புக்கு மருந்து என்னிடம் இருக்கிறது, இவள் மனசு அமைதியாக வேண்டும், அதற்கும் இதயத்துக்கும் நேர்க்கம்பி என்றார். நான் எண்ணாமல் விட்ட கயிறு அது.

முகாமுக்கு மறுபடி போன் போட்டேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று சுபேதார் சொன்னார். போய்ச் சொன்னேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு வெறும் மணிக்கட்டைத் தடவினாள். அதனால் உங்கள் கையைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வயர்லெஸ்ஸோ, ஆபீசர் போனோ, எப்படியாவது உங்கள் குரல் அவள் காதில் விழ வழி செய்யுங்கள். முடியாவிட்டால், இந்தக் கடிதம் கொண்டுவரும் ஹெலிகாப்டரிலேயே உங்கள் கையெழுத்தில் நாலு வரி அனுப்புங்கள். அதில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். நாங்கள் படிக்க மாட்டோம்.

உங்கள் அம்மாவுக்கும் ஒரு வரி போடுங்கள். சில்லை முடிந்த முந்தானையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.

பாதை திறந்து இறங்கி வரும்போது இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வாருங்கள். நிறம் உங்கள் இஷ்டம். அளவு ரெண்டு நாலு. யார் சொன்னாலும் பெரிசு வாங்காதீர்கள். வீக்கம் வடிந்துவிடும். நீங்கள்தான் அவள் கையில் போடவேண்டும்.

நீங்கள் தீர்க்காயுசாக இருக்கவேண்டும், மாப்பிள்ளை. உங்கள் ஆயுசைப் பிடித்துக்கொண்டு இங்கே இரண்டு உயிர் கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வரவை வாசலிலேயே பார்த்திருக்கும்
மாமனார்,
கோ. கோவிந்தசாமி