டிவியில் வந்த என் வடை

டிசம்பர் 15, 1996. ஞாயிறு இரவு.

கையில் வடையோடு, வாயைப் பிளந்துகொண்டு டிவியில் வந்துவிட்டேன். ஹூஸ்டனில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று ஸ்கூல் ஃபுட்பால் ஃபைனல். தம்பி மகன் ஜோயல் கடைசி நிமிஷத்தில் உதைத்த பந்து கோல் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே பறந்தது, அவன் டீம் ஜெயித்தது. தம்பிக்கு ஆஸ்பத்திரி டூட்டி, வர முடியவில்லை; நான்தான் போயிருந்தேன். இன்று லோக்கல் கேபிளில் போட்டதை டேப்பில் பிடித்து வைத்தோம்.

தம்பி வந்ததும் சாப்பிடாமல்கூட டிவி முன்னால் உட்கார்ந்தான். திரையில் ஜோயல் ஓடி வந்து காலைத் தூக்கினான். கேமரா சரியாக அந்த நேரம் பார்த்து கூட்டத்துப் பக்கம் திரும்பிவிட்டது. பந்தைக் காணோம். நான் இருந்தேன்.

"அக்கா, என் பையன் எங்கக்கா?"

"கேமராக்காரனுக்கு என்னையத்தான்டா புடிச்சிருக்கு. நான் என்ன பண்ண?"

"அத்தை, யூ ஆர் ஃபேமஸ்!" என்றான் ஜோயல்.

தம்பி சிரிக்கவில்லை. "ஜனங்க கத்துறதாவது கேக்குதுல்ல. ரீவைண்ட் பண்ணுடா" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஜோயல் போட்டான். கூட்டம் கத்தியது. தம்பி கண்ணைத் திறக்காமலே இன்னொரு தடவை என்றான். பிறகு இன்னொரு தடவை.

ஒவ்வொரு தடவையும் திரையில் என் வடை கீழே விழுந்தது.