தடி ஊன்றியாயிற்று

மாதா துணை

மொன்றியல்
25.11.2007

அன்புள்ள மகள் ஷெரோனுக்கு,

நீயும் மருமகன் அன்ரனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு வருத்தம் இல்லை. எனக்கு வருத்தம் மனதில்தான், அதை எழுதத்தான் இருந்தேன். போனில் சொல்லலாம், ஆனால் நீ அழத் தொடங்கினால் அம்மா றிசீவரைப் பறித்துக்கொள்வாள், நான் சொல்ல வந்தது என்னிடமே நின்றுவிடும். கடிதம் என்றால் நீ அழுதாலும் நான் எழுதி முடித்துவிடுவேன்.

போன மாதம் லஷீன் கராஜில், பனி வழிக்கும் என் உழவு மெசினுக்குக் கீழே படுத்துக் கிறீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். உன் மச்சான் றெனோல்ட் வந்து நின்றான். என் அக்காவின் மகன் என்று இதுவரை அவனை நான் ஒரு சொல் கடிந்ததில்லை. அவன் குனிந்து, மாமா, மெசினை எனக்குத் தாறீங்களாமே, தை மாதம் ஷெரோன்ரை பிள்ளைப்பேற்றுக்குப் பேர்த்துக்குப் போறீங்களாம், அவள்தான் சொன்னவள் என்றான். என் மெசின் கைமாறும் செய்தியை அதன் அடியில் கிடந்து கேட்டேன் பிள்ளை. இரண்டு டிக்கெட்டும் எடுத்தாயிற்றாம், அம்மாவுக்குத் தெரியுமாம், றெனோல்டின் மனைவிக்கும் தெரியுமாம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, எங்கள் பங்கின் திரேசம்மா அக்கா பிடித்துக்கொண்டு, அங்கை சரியான வெயிலாம் பேனாட், தொப்பியைக் கொண்டுபோம் என்கிறா. தொப்பி வரைக்கும் பேசி முடித்துவிட்டீர்கள், எனக்குத்தான் தெரியாது.

வழக்கமாக நான் கார்த்திகை நடுவில்தான், பனி வழிக்க ஒப்புக்கொண்ட டொலார்ட் வீடுகளின் முன்னால் தடி ஊன்றுவேன். பனி மூடினால் புல் எது, கார் விடும் பாதை எது என்று தெரியாது, அதற்குத்தான் தடி. இந்த வீட்டுப் பனி இன்னாருடைய பொறுப்பு என்று ஊருக்குச் சொல்வதும் அந்தத் தடிதான். இந்த வருடம் றெனோல்ட் வந்துபோன அடுத்த நாளே ஊன்றத் தொடங்கினேன், மழையிலும் நிற்கவில்லை, ஒரு வீடு விடவில்லை. இப்போது நிலம் இறுகிவிட்டது, இழுத்தால் தடி முறியுமே தவிர வெளியே வராது. அம்மா அக்கம்பக்கமெல்லாம், இந்த மனுசன் கோவத்தை வீடு வீடாய் ஊண்டிப்போட்டு வந்திருக்கு, இனி மாதாவே வந்தாலும் பிடுங்கேலாது என்று சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும். ஆனால் வெறும் கோபம் என்று நீயும் நினைக்காதே. தாதி வேலை செய்யும் யோகராணி வாசலுக்கு வந்து, அண்ணை, இந்த முறையும் நீங்கள்தானே வாறீங்கள் என்று கேட்டாள். ஓம் பிள்ளை, நான்தான் என்றேன். அவள் விடிய முன்னம் வேலைக்குப் போகிறவள், கார் வெளியே வராவிட்டால் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நின்ற தாதி வீட்டுக்குப் போக முடியாது.

றெனோல்ட் பார்ப்பான்தானே என்பாய். பங்குனியில் எனக்கு நெஞ்சுச்சளி வந்து படுத்தபோது அவனிடம்தான் மெசினைக் கொடுத்தேன். பின்னால் பூட்டும் பனி எறியும் பெட்டியில் ஒரு மெல்லிய போல்ட் இருக்கிறது, கல்லோ கட்டையோ சிக்கினால் அது உடைந்துபோய் கியர்ப் பெட்டியைக் காப்பாற்றும். உடைவதுதான் அதற்கு வேலை. இப்போது கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கெட்டிப் போல்டைப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறான். கேட்டால், மாமா, அடிக்கடி உடையுது எண்டு உடையாத போல்ட்டாய்ப் பார்த்து வாங்கினனான், காசும் கூட என்று சிரிக்கிறான். நல்ல பிள்ளைதான், ஆனால் குளிரில் இறங்கிப் போல்ட் மாற்றப் பஞ்சிப்படுகிறவன். எனக்கு ஒருவரும் பழக்கவில்லை, கழற்றிப் பூட்டித்தான் பழகினேன். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆளிருந்தது, கேட்க மனமில்லை.

மெல்லிய போல்டைத் திரும்பப் பூட்டி ஒயில் மாற்றிவிட்டேன், பற்றறி புதிது, பனியைச் சுரண்டும் தேய்ந்த தகட்டையும் மாற்றிவிட்டேன், எஞ்சினைச் சூடாக்கும் வயர் எலி கடித்துக் கிடந்தது, அதுவும் சரி. போன வியாழன் முதல் பனி வந்தது, எல்லா வீட்டையும் வழித்தேன். பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டுவதில் கழுத்து திரும்ப மறுக்கிறது. முடித்து இறங்கும்போது கால் படியைத் தேடியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். களைப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை மகள். உனக்கு மட்டும் எழுதுகிறேன், அம்மாவிடம் சொல்லாதே, றெனோல்டிடம் சொல்லவே வேண்டாம்.

ஆகவே அம்மா தையில் வருவாள், என் டிக்கெட்டை வைகாசிக்கு மாற்று. சித்திரை கடைசியில் நிலம் இளகும், தடிகளைப் பிடுங்கிக் கழுவிக் கட்டிவைத்துவிட்டு வருவேன். அதுவரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. அம்மா அவசரப்படுத்துவாள், கேட்காதே, பேரப்பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ பாரம் தூக்காதே, அன்ரனிடம் கோபத்தில் பேசாமல் இருக்காதே, அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

மெசினை றெனோல்டிடம் கொடுப்பதா இல்லையா என்பதைத் தடி பிடுங்கிய பிறகு கேள். ஒருவேளை ஓம் என்றும் சொல்வேன். ஆனால் என்னிடம் கேள்.

உன் அப்பா,
சூ. பேனாட்